வேன் ஆன்டியின் தூக்கம்

கிள்ளான் கம்போங் ஜாவாவில் அந்த வரிசை வீடுகளுக்கு இடையே ஒற்றைச் சுவர்தான். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் திருச்செல்வத்தின் குறட்டை பேர்போனதாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் காலையில் கேட்டைத் திறக்கும்போது, நேற்று ராத்திரி உன் லோரி மேடு ஏற ரொம்பக் கஷ்டப்பட்டதே என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். திருச்செல்வமும் சிரிப்பார். துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், உடம்பு நெத்திலிக் கருவாடு. இந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு பெரிய இஞ்சினை எங்கே வைத்திருக்கிறார் என்று கல்யாண வீடுகளில் அவரைப் பிடித்து உலுக்குவார்கள். அவர் அதற்கும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொள்வார்.

இதில் ஒரே ஒரு சங்கதி. அந்தக் குறட்டை அவருடையது இல்லை. அவர் மனைவி உஷாராணியுடையது.

பெண்பிள்ளை குறட்டை விட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். பல வருஷங்களுக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் நாத்தனார் பவுனம்மாள் வீட்டுக் கல்யாணத்தின்போது, ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த பெண்களில் ஒருத்தி குறட்டை விட்டாள். விடிந்ததும் மற்றவர்கள் அவளைப் போலவே மூக்கால் இழுத்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் உஷாராணியும் ஒருத்தி. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு பெருத்து, தனக்கும் அதே வரம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த நாள்முதல் அவள் யார் வீட்டிலும் ராத் தங்குவதில்லை. "காலையில வேன் எடுக்கணும் லா" என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குக் கிளம்பிவிடுவாள். தெருவார் காதில் விழுந்த சத்தத்துக்குத் திருச்செல்வம் தன் பெயரைக் கொடுத்தார். அப்படிச் செய்யுங்கள் என்று அவள் கேட்கவும் இல்லை, செய்யாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை.

வேன்தான் உஷாராணிக்கு எல்லாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன். அந்த வட்டாரத்தில் அவளுக்கு உஷாராணி என்று ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. வேன் ஆன்டி, அவ்வளவுதான். முன்பு சட்டையில் கைக்குட்டை குத்திக்கொண்டு ஏறிய பிள்ளைகள் இன்று பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளை அதே வேனில் ஏற்றிவிடுகிறார்கள். ஷா ஆலாமில் கணக்கு வேலை பார்க்கும் மலர் அப்படித்தான். சின்ன வயதில் வேனில் ஏறிய மறு நிமிஷமே தூங்கிவிடும் பிள்ளை அவள். வீடு வந்ததும் உஷாராணிதான் தூக்கிப் போய்க் கதவருகே நிறுத்துவாள். இப்போது மலரின் இரண்டு பையன்களும் இதே வேன்தான்.

விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மறுபடி ஏற்றும்வரை மற்ற வேன்காரர்களோடு பள்ளிக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்திருப்பாள். தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் ஒன்று, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் ஒன்று, கொஞ்சம் கழித்து ரொட்டி சானாய், மறுபடி ஒரு தே தாரிக். ருசிக்காக மட்டும் சாப்பிட்டாள் என்று சொன்னால் அது அவளுக்குச் செய்கிற அநியாயம். வாய் அசையாவிட்டால் கண் சொருகியது. அதனால்தான் வேனிலும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கச்சாங் பூத்தே வைத்திருந்தாள். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் கலந்த டப்பா. சிவப்பு விளக்கில் ஒரு பிடி, பச்சை விழுந்ததும் இன்னொரு பிடி. அவள் தீனிப் பண்டாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஜாலான் மேரு சாலையின் சமிக்ஞை விளக்கில் அது நடந்தது. மழை கண்டு பல நாளாகியிருந்தது. தார் ரோடு தணலாகக் கொதித்தது. பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். டப்பா அன்று காலியாக இருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மலரின் மூத்த பையன், "ஆன்டி, பச்ச! ஆன்டி!" என்று கத்தித் தோளை உலுக்க, திடுக்கிட்டு விழித்தவளின் கால் பிரேக்கிலிருந்து நழுவியது. வேன் தன்பாட்டுக்கு உருண்டு போய் சற்றுத் தள்ளி நெரிசலில் நின்ற லோரியை இடித்து நின்றது.

பெரிய அடி இல்லை. பம்பர் நசுங்கியது, ஒரு பிள்ளையின் தண்ணீர் போத்தல் உருண்டது. இறங்கி வந்த லோரிக்காரர் உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், சண்டைக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "அக்கா, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அவளுக்கு விளங்காத விஷயம். தூங்கத்தானே தூங்குகிறாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தலையைச் சாய்த்தால் அலாரம் அடித்தால்தான் எழுந்திருப்பாள். இதற்கு மேல் எங்கே போய்த் தூங்குவது?

அன்று சாயங்காலமே மலர் வந்துவிட்டாள், ஆபீஸ் உடுப்போடு, செருப்பைக்கூட நேராக விடாமல். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பசங்க வந்து சொன்னாங்க, ஆன்டி."

"ஒரு செகண்டுதாம்மா. கண்ண மூடித் தொறந்தேன்."

"பெரியவன் சொல்றான், இது மொத தடவ இல்லயாம். ஆன்டி எப்பவும் செவப்பு லைட்ல கண்ண மூடுவாங்க, நான்தான் எழுப்புவேன்னு பெருமையா சொல்றான்."

ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் எழுப்பித்தான் தான் விழித்தோம் என்பது உஷாராணிக்கே அன்றுதான் தெரியும்.

"கோவிச்சிக்காதீங்க ஆன்டி. நீங்க என்னயே தூக்கிட்டுப் போய் வீட்ல விட்டவங்க. ஆனா நாளைக்கு நான் பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன்" என்றாள் மலர். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுததால் உஷாராணி அழக்கூட முடியாமல் போயிற்று.

வேன் சாவியைத் திருச்செல்வம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் முதல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சிவநேசன் அந்த வேனை ஓட்ட ஒத்துக்கொண்டார். "ஒனக்கு நல்லாகற வரைக்கும்தான் தங்கச்சி. எனக்கு இந்த வயசுல பிள்ளைங்க கூச்சல் ஆவாது" என்றார் அவர். விடியற்காலையில் தன் வேன் தானில்லாமல் கிளம்பிப் போகிற சத்தத்தை உஷாராணி சன்னலோரம் நின்று கேட்டாள். மலரின் பிள்ளைகள் அந்த வேனிலும் ஏறவில்லை.

பொது மருத்துவமனையில் அவள் உடம்பில் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு இருவரையும் உட்காரவைத்து, மலாய்க்கார டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உஷாராணி தூங்கும்போது தொண்டைச் சதை அமுங்கி மூச்சு நின்றுவிடுகிறது. மூளை பயந்துபோய் அவளை உசுப்புகிறது, மூச்சு வருகிறது, மறுபடி நிற்கிறது. ராத்திரி முழுக்க இதே கூத்து. படுத்தாள் என்று பெயரே தவிர அவள் தூங்கவே இல்லை.

"தூங்கும்போது இவருக்கு மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

உஷாராணி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். திருச்செல்வம் தொண்டையைச் செருமினார்.

"உண்டு, டாக்டர்."

"எப்போதிலிருந்து?"

"சின்னவன் பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து." சின்னவன் இப்போது ஜொகூரில் குடும்பஸ்தன்.

"நின்றால் என்ன செய்வீர்கள்?"

"தோளில் தள்ளுவேன். சில நேரம் முட்டியால் இடிப்பேன். மூச்சு வந்துவிடும். அப்புறம் நானும் கொஞ்சம் கண்ணசருவேன்."

உஷாராணி திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். தூக்கத்தில் உதைக்கிற மனுஷன் என்று இவரைப் பற்றி அவள் சொல்லாத ஆள் இல்லை. விடிந்தால் முதுகில் நீலம் பாய்ந்த இடத்தைக் காட்டித் திட்டாத நாள் இல்லை. எதற்கும் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

வெளியே வந்து மருந்து கொடுக்கும் இடத்தில் காத்திருந்தபோது கேட்டாள்.

"ஏங்க இத்தன வருசமா சொல்லல?"

"சொன்னா நீ தூங்கப் பயப்படுவே."

"நீங்க தூங்கலியே."

"நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன். மதியம் பெட்டி மேல சாஞ்சிக்குவேன். நீ பிள்ளைங்கள ஏத்தற ஆளு" என்றவர், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்பதுபோல, "நம்பர் போடுது, போ" என்றார்.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, மூக்கில் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு மிஷின். தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். மற்றொன்று, உடம்பைக் குறைக்க வேண்டும். உடம்பு குறைந்தால் தொண்டை திறக்கும், ஒழுங்காகத் தூங்கினால் பசி அடங்கி உடம்பு குறையும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், தூக்கம் நிலைப்பட்டதை நான் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்றார்.

இரவலாகக் கிடைத்த மிஷின் சின்னச் சோற்றுப் பானை அளவு இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். முதல் வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூச்சு முட்டுகிறது என்று பிய்த்துப் போட்டாள். வாய் வறண்டது, கன்னத்தில் வார் பதிந்தது. திருச்செல்வம் மறுபடி மறுபடி மாட்டிவிட்டார்.

பிறகு ஒரு காலை, பக்கத்துப் பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தில் அவளாகவே கண்ணைத் திறந்தாள். அலாரம் இன்னும் அடிக்கவில்லை. தலையில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் கல் இல்லை. சன்னலில் வெளிச்சம் வருவதைச் சும்மா படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருச்செல்வம் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, தூங்கலியா?"

"சத்தமே இல்ல, உஷா. இருக்கியா போயிட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்துபோய் அவருக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, படுத்துத் தூங்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

செய்தி கேட்டுப் பவுனம்மாள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புறநகர்க் கொம்யூட்டர் ரயிலேறி வந்து சேர்ந்தாள். தம்பி பொண்டாட்டிக்கு மூக்கில் ஏதோ கோளாறு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். கையில் மூன்றடுக்கு டிஃபன் காரியர், ஆட்டு எலும்பு சூப், நெய்ச்சோறு. மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "தும்பிக்கை ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு, அதுவும் வந்தாச்சு" என்றாள். மிஷினுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் ஆறவைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் புத்தி வேலை செய்துவிட்டது. மூக்குக் கோளாறுக்கு மின்யாக் அங்கினை மிஞ்சிய தைலம் உண்டா? தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி, தேர்வு பயம் எதுவானாலும் நம் ஆட்கள் அந்தப் பச்சைப் போத்தலைத்தான் திறப்பார்கள். உஷாராணி குளிக்கப் போன நேரம் பார்த்து அரைப் போத்தலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

படுத்து மாஸ்க்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் உஷாராணி போட்ட கூச்சலில் சீனப் பெரியவர் வீட்டில் விளக்கெரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீராகக் கொட்டியது. வீடே, திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஆளைச் சுற்றி மணப்பதுபோல் மணத்தது.

"நல்லதுக்குத்தாண்டி ஊத்துனேன்!"

"அண்ணி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும், இந்த மிஷின மட்டும் தொடாதீங்க!"

தொட்டியைக் கழுவிக் கழுவிக் காயவைத்தும் ஒரு வாரம் அந்த வாடை போகவில்லை.

தூக்கம் பிடிபட்டதும் ஒரு விசித்திரம் நடந்தது. ஒருநாள் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்த உஷாராணிக்கு, காலையிலிருந்து தான் எதையும் கொறிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வைராக்கியம் ஒன்றும் இல்லை, நினைப்பே வரவில்லை. இத்தனை வருஷம் பசியென்று நினைத்துத் தின்றது எல்லாம் தூக்கத்தை விரட்டத்தானா என்று மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்காக உடம்பு சும்மா கரைந்துவிடவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். பாதித் தட்டு காய்கறி, மீதிப் பாதியில் ஒரு பங்கு மீனோ கோழியோ, ஒரு பங்குதான் சோறு. அந்த ஒரு பங்குச் சோற்றை முதல் நாள் அவள் பருக்கை பருக்கையாக எண்ணித் தின்றாள். கங்கோங் கீரையைப் பூண்டு போட்டு வதக்கினாள், கத்தரிக்காயைச் சுட்டாள், கெம்போங் மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போட்டாள். தே தாரிக்கை விட்டுவிட்டுப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறினாள். மூலிகைக் கசாயம் குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தாள். விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் திடலைச் சுற்றி நடந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கே கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திருச்செல்வம் முன்னால் போய்விட்டுத் திரும்பி வருவார், வந்து பக்கத்தில் நிற்பார். மாசங்கள் போகப் போக அவர்தான் பின்தங்கினார்.

சட்டைகள் தொளதொளத்தன. மோதிரம் விரலில் சுழன்றது. இன்னொரு குடும்பமாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். நம் சனங்களிடம் இளைப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவளிடம் ஒருத்தி மெல்ல வந்து, "சீனி வியாதியா?" என்றாள். இன்னொருத்தி கையைப் பிடித்துத் தடவி, "மனச விட்டுடாத தங்கச்சி" என்றாள். மறுபடி வந்த பவுனம்மாள் வாசலிலேயே ஒப்பாரி வைக்காத குறை. "அந்த மிஷின்தான் இவ சதைய உறிஞ்சுது. தம்பி, என்னமோ மறைக்கிறீங்கடா எங்கிட்ட!"

இந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. டாக்டர் பார்க்கச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சரியென்று சொல்லிவிட்டால் வேனை எடுக்கலாம். ஆனால் சில நாளாக அவளுக்குக் காலையில் அந்தக் கல் திரும்பத் தலையில் உட்கார்ந்தது. மதியம் கண் சொருகியது. ஒருநாள் தன்னையறியாமல் அலமாரிக்குள் கையை விட்டுப் பழைய கச்சாங் பூத்தே டப்பாவைத் திறந்து, நின்றபடியே பாதியைத் தின்று முடித்தாள். வாயில் கடலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பாடுபட்டும் வியாதி விடவில்லை, மிஷினும் கைவிட்டுவிட்டது, இனி வேன் இல்லை என்று அவள் மனசு முடிவுகட்டிவிட்டது. திருச்செல்வத்திடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லப்போவதில்லை என்று உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனம் ஓடியது. சொன்னால் சாவி வராதே.

மறுநாள் காலை திருச்செல்வம் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"உஷா, என் காது வலிக்குது."

"சளியா?"

"இல்ல. ஒரு வாரமா ராத்திரி பூரா காதுல ஜில்லுன்னு காத்து அடிக்குது. நீ ஒருக்களிச்சுப் படுத்தா அந்த மிஷின் காத்து ஒன் மூக்குக்குப் போவல, என் காதுக்குத்தான் வருது. விசில் வேற. நேத்து நான் ஒன்னத் தோள்ல தள்ளுனேன், தெரியுமா?"

அவள் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? டப்பா விஷயம், தூக்கம், டாக்டரிடம் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திருச்செல்வம் முழுக்கக் கேட்டார். எழுந்துபோய் மாஸ்க்கை எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் அவர் சுண்டுவிரல் உள்ளே போனது.

"இங்க பாரு" என்றார். "இது ஒன் பழைய மூஞ்சிக்குத் தச்சது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மிஷினிலிருந்து பதிவு அட்டையைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு மேலாகக் காற்று முழுக்க வெளியே ஒழுகியிருக்கிறது, அதற்கு முன்னால் எல்லாம் அருமையாக இருந்திருக்கிறது என்றார். "அவசியமில்லாமல் பயந்திருக்கிறீர்கள். முகம் சின்னதாகிவிட்டது, மாஸ்க் பெரிசாகிவிட்டது. வேறொன்றும் இல்லை" என்று சின்ன அளவு மாஸ்க்கை மாட்டிவிட்டார். மூச்சு நிற்பதும் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்ததால், மிஷினின் அழுத்தத்தையும் குறைத்தார். இன்னும் சில வாரம் பார்த்து, எல்லாம் சீராக இருந்த பிறகுதான் ஓட்டலாம் என்று சொன்னார்.

அந்தச் சில வாரமும் கழிந்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொல்ல வேண்டுமே?

ஆடி மாசத்தில் ஒரு சாயங்காலம், இடி இடித்து மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது மலர் குடையோடு வந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும். நோயாளியைப் பார்க்க வருகிற முகம்.

"ஆன்டி, வெளிய என்னென்னமோ பேசிக்கறாங்க. அன்னிக்கு நான் அப்டிப் பேசிருக்கக் கூடாது. எனக்கு ஒங்களுக்குள்ள இப்டி ஒரு வியாதின்னு தெரியாது." சொல்லச் சொல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உஷாராணிக்கு ஒரு கணம் அது வசதியாகக்கூட இருந்தது. பெரிய வியாதி என்றால் மரியாதை, பழம், பரிவு. குறட்டை என்றால் சிரிப்பு. ஆனால் சாகப்போகிறவள் என்று நினைத்தால் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அதைவிட, இந்தப் பிள்ளை தனக்காக அழுது நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மலரு, உள்ள வா" என்று கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். மிஷினைக் காட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மறுபடி கழற்றினாள்.

"எனக்குக் கேன்சரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கொறட்ட விடறவ. இந்த வீட்ல லோரி மாதிரி சத்தம் கேக்குதுன்னு ஊரே இந்த மனுசன கேலி பண்ணுச்சே, அது நான்தான். தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதனால ராத்திரி தூக்கம் இல்ல, பகல்ல கண் சொருகும். ஒன் பையன் என்ன எழுப்புனானே, அதுக்குக் காரணம் இதான். இப்ப இத மாட்டிக்கிட்டுத் தூங்கறேன். ஒடம்பையும் நானேதான் கொறச்சேன். டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா நீ பாத்துச் சொல்லு."

ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த திருச்செல்வம் பேப்பரை இறக்கினார். மழையில் வெளியே காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்த சீனப் பெரியவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று யாருக்கும் தெரியாது.

மலர் மிஷினைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் இப்டித்தான் ஆன்டி. கொறட்ட விடுவாங்க, பகல்ல உக்காந்த எடத்துல தூங்குவாங்க. நாங்க ஃபோன்ல எடுத்து வெச்சுச் சிரிப்போம்." சட்டென்று நிறுத்தினாள். "எந்த டாக்டரு? பேரு குடுங்க."

கொடுத்தாள். வாசலில் குடையை விரித்துவிட்டு மலர் திரும்பினாள்.

"திங்கக்கெழம நான் லீவு போடறேன். பசங்களோட நானும் வேன்ல வரேன். பாத்துட்டுச் சொல்றேன், சரியா?"

"நல்லாப் பாரும்மா" என்றாள் உஷாராணி.

திங்கட்கிழமை சிவநேசன் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "அப்பாடா, என் காது தப்பிச்சுச்சு" என்று நடையைக் கட்டினார். உஷாராணி டிரைவர் சீட்டில் ஏறினாள். சிவநேசனும் ஒல்லி, அவர் ஓட்டிய வேன். சீட்டை முன்னால் இழுத்து வைத்திருப்பார், பின்னால் தள்ள வேண்டும் என்று கை தானாகக் கீழே போனது. பிறகுதான் கவனித்தாள். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இடம் இருந்தது. தள்ளத் தேவையில்லை. டப்பா இருந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். சன்னலோரம் நின்ற திருச்செல்வம் கையாட்டவில்லை. வேன் முனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

காலைப் பயணம் முழுக்க மலர் முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். தேர்வதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததுபோல உஷாராணி ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு எதிர்க் கடையில் பசியாறினார்கள். உஷாராணிக்கு ஒரு தோசை, ஒரு தே ஓ கொசோங். அன்றைக்கு அந்தத் தே கொஞ்சம் ருசியாகக்கூட இருந்ததாக அவள் நினைத்தாள்.

மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வெயில் அதே பழைய வெயில். ஜாலான் மேருவில் கன்டெய்னர் லோரிகள் வரிசைகட்டி நின்றன. அந்தச் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது. உஷாராணி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று கண்ணாடியில் பார்த்தாள். விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் பயிற்சி செய்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அத்தனையும் தூங்கிக்கொண்டிருந்தன. மலரின் சின்னவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மூத்தவன் பைமேல் கவிழ்ந்திருந்தான். இன்றைக்கு அவன் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

பக்கத்தில் திரும்பினாள். மலரும் தூங்கிவிட்டாள். காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, இவள் கண்ணைக் காவல் காத்த அசதி. தலை கண்ணாடியில் சாய, மூக்கிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. உஷாராணி காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது, வெளியே வந்தது. எங்கும் நிற்கவில்லை.

பச்சை விழுந்தது. யாரும் ஹாரன் அடிக்கும் முன்னால், ஒரு தலைகூட ஆடாதபடி வேனை மெல்ல நகர்த்தினாள்.

மலர் வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் அவள் பதறி எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள்.

"ஐயோ ஆன்டி, தூங்கிட்டேனா? கொறட்ட கிறட்ட விட்டேனா?"

"விட்டே லா" என்றாள் உஷாராணி. "ஆனா நிக்கல. நான் வழி பூரா கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பையன்களையும் இறக்கினாள், மறந்துபோன தண்ணீர் போத்தலை வாங்கிக்கொண்டாள். கேட்டைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்கு ஆன்டி?"

"எப்பவும் வர்ற நேரந்தாம்மா. பிள்ளைங்கள வாசல்ல நிறுத்தி வை" என்றாள் வேன் ஆன்டி.